தண்டனை இல்லாமல் வகுப்பை நடத்த முடியுமா? - யார் இந்த பி.எஃப்.ஸ்கின்னர்?

1953 நவம்பர் 11. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு பள்ளிக்கூடம். அப்பாக்கள் வந்து பிள்ளைகளின் வகுப்பைப் பார்க்கலாம் என்று அழைத்திருந்தார்கள். நான்காம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. தன் இளைய மகள் படிக்கும் அந்த வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர்.

கரும்பலகையில் கணக்குகள். பிள்ளைகள் குனிந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியை வரிசை வரிசையாக நடந்து எட்டிப் பார்க்கிறார். சில பிள்ளைகள் சீக்கிரமே முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நெளிகிறார்கள். சில பிள்ளைகள் முதல் கணக்கிலேயே சிக்கிக்கொண்டு முகம் சுருங்கி நிற்கிறார்கள். கடைசியில் தாள்களை வாங்கிக்கொள்கிறார் ஆசிரியை. திருத்தி அப்புறம்தான் தருவார்.

நம் எல்லோருக்கும் பழகிய காட்சிதான். தவறாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. தன் ஆய்வகத்தில் ஒரு புறா சரியாக ஒரு வேலையைச் செய்தால் அடுத்த நொடியே அதற்குத் தானியம் கிடைக்கும். தன் மகளுக்கோ, போட்ட கணக்கு சரியா தப்பா என்று தெரிய ஒருநாள் ஆகிறது. ஒரு புறாவுக்குக் கிடைக்கிற வசதிகூட இந்தக் குழந்தைகளுக்கு இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. சில நாட்களிலேயே வீட்டில் உட்கார்ந்து ஒரு கருவி செய்யத் தொடங்கிவிட்டார்.

அவர்தான் பர்ரஸ் ஃப்ரெடரிக் ஸ்கின்னர். நம் ஊரில் பி.எட். படித்தவர்களுக்கு மனப்பாடமான பெயர். வலுவூட்டல், எலிப் பெட்டி, நிரல்வழிக் கற்றல் என்று தேர்வுக்குப் படித்திருப்பார்கள். ஆனால் அந்த ஆள் யார், எதற்காக இப்படி யோசித்தார் என்பது பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வராது.

பயம் காட்டிய வீடு

ஸ்கின்னர் பிறந்தது 1904 மார்ச் 20. பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குஹானா என்ற சின்ன ரயில்வே ஊர். அப்பா வக்கீல். அம்மா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதில் கவனமாக இருந்தவர். வீட்டில் அப்பா கை ஓங்கியதே இல்லை. ஆனால் பயத்துக்குக் குறைவில்லை.

நரகம் என்றால் என்ன என்று பேரனுக்குப் புரியவைக்க, அடுப்பில் கனன்றுகொண்டிருந்த நிலக்கரியைக் காட்டினார் பாட்டி. தப்பு செய்தால் எங்கே போக வேண்டிவரும் என்று காட்ட, சிறைச்சாலைக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார் அப்பா. கெட்ட வார்த்தை சொன்னதற்காக சோப்புப் போட்டு வாயைக் கழுவிவிட்டார் அம்மா. இதையெல்லாம் ஸ்கின்னர் தன் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். பெரியவரான பிறகும் அந்தப் பயம் தன்னை விட்டுப் போகவில்லை என்பது அவர் கணிப்பு. தண்டனைக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் பேசியவருக்கு விதை எங்கே விழுந்தது என்று தேட ரொம்ப தூரம் போக வேண்டாம்.

அதே வீட்டில் இன்னொரு சம்பவம். கழற்றிய இரவு உடையை மாட்டிவைக்கச் சொல்லி அம்மா தினமும் நச்சரிப்பார். பையன் என்ன செய்தான்? கொக்கியிலிருந்து கயிறு கட்டி, கதவுக்கு மேலே கொண்டுபோய், அதில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டான். கொக்கியில் உடை இல்லையென்றால் உடையை மாட்டு என்ற அட்டை வாசலில் முகத்துக்கு நேரே தொங்கும். மாட்டிவிட்டால் கயிறு இழுபட்டு அட்டை மேலே போய்விடும். தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை, மன உறுதியோடு இருப்பேன் என்று சபதம் எடுக்கவும் இல்லை. சுற்றியிருப்பதை மாற்றினால் நடத்தை தானாக மாறும் என்று செய்து பார்த்துவிட்டான், அவ்வளவுதான். பின்னாளில் ஸ்கின்னர் எழுதிய தடித்தடிப் புத்தகங்களின் சாரம் கிட்டத்தட்ட இந்தக் கயிற்றில் இருக்கிறது.

எழுத்தாளர் ஆகணும்னு போனவர்

ஸ்கின்னர் கல்லூரியில் படித்தது உளவியல் இல்லை, ஆங்கில இலக்கியம். ஹாமில்டன் கல்லூரியில் 1926-ல் பட்டம். கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் அவரது சிறுகதைகளைப் படித்துவிட்டு உற்சாகப்படுத்திக் கடிதம் எழுதினார். அந்தத் தெம்பில், ஒரு வருடம் வேலை எதுக்கும் போகாமல் எழுதுவது என்று முடிவு செய்து ஸ்க்ரான்டன் நகரில் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்தார். ஒன்றும் எழுத வரவில்லை. சொல்வதற்கு என்னிடம் விஷயமே இல்லை என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்டார். அதை இருண்ட வருடம் என்றே பிறகு குறிப்பிட்டார்.

அந்தக் காலத்தில்தான் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவும், நடத்தையியலைத் தொடங்கிவைத்த ஜான் வாட்சனும் அவர் கைக்கு வந்தார்கள். மனிதர்களைக் கதையில் பிடிக்க முடியாதவர், ஆய்வகத்தில் பிடிக்கலாம் என்று 1928-ல் ஹார்வர்டில் சேர்ந்தார். 1931-ல் முனைவர் பட்டம்.

பெட்டிக்குள் என்ன நடந்தது?

பாவ்லோவின் நாய்க் கதை நமக்குத் தெரியும். மணி அடித்தால் எச்சில் ஊறும். அங்கே நாய் எதையும் செய்யவில்லை. மணி முதலில் வருகிறது, உடம்பு பதில் சொல்கிறது. ஸ்கின்னர் இதைத் திருப்பிப் போட்டார். ஒரு உயிர் தானாக ஏதோ ஒன்றைச் செய்கிறது. அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்பதைப் பொறுத்து, அதை மறுபடி செய்வதும் விடுவதும் அமைகிறது. முன்னால் வருவதைவிட, பின்னால் வருவதே முக்கியம்.

இதைப் பார்க்க ஒரு பெட்டி. உள்ளே ஒரு எலி, ஒரு சின்ன நெம்புகோல். எலி அதை அழுத்தினால் ஒரு தீனி உருண்டை விழும். வெளியே ஒரு காகிதச் சுருள் மெதுவாக நகரும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பேனா ஒரு படி மேலே ஏறும். எலி வேகமாக அழுத்தினால் கோடு செங்குத்தாக ஏறும், நிறுத்தினால் படுத்துவிடும். நடத்தையைக் கண்ணால் பார்க்கக்கூடிய கோடாக மாற்றியதுதான் இங்கே பெரிய விஷயம்.

சுவாரசியமானவை பல தற்செயலாக வந்தவை. ஒருநாள் தீனி விழும் கருவி மாட்டிக்கொண்டது. எலி அழுத்துகிறது, எதுவும் விழவில்லை. கொஞ்ச நேரம் ஆவேசமாக அழுத்திவிட்டு மெல்ல மெல்ல நிறுத்தியது. கிடைத்துக்கொண்டிருந்தது நின்றால் பழக்கம் எப்படி அணையும் என்பதற்கான முதல் வரைபடம் அப்படித்தான் கிடைத்தது.

இன்னொரு சனிக்கிழமை மாலை. தீனி உருண்டைகளை அப்போது ஸ்கின்னரே மாத்திரை செய்யும் கருவியில் உருட்ட வேண்டும். இருப்பைக் கணக்குப் பார்த்தால் திங்கட்கிழமை காலை வரைதான் தாங்கும். மிச்ச நாளை உருண்டை பிடிப்பதில் கழிக்க மனமில்லை. சரி, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொடுக்காமல் நிமிடத்துக்கு ஒன்று கொடுத்துப் பார்ப்போம் என்றார். எலி நிறுத்தவில்லை. சீராக அழுத்திக்கொண்டே இருந்தது. மேற்கொண்டு செய்த சோதனைகளில், எப்போதாவது மட்டும் பரிசு பெற்ற எலிதான், பரிசு நின்ற பிறகும் நெடுநேரம் விடாமல் அழுத்தியது என்று தெரிந்தது. லாட்டரிச் சீட்டு வாங்குபவரும், செல்போனை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பவரும் ஏன் நிறுத்துவதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கடைக்கு முன்னால் அழுது புரளும் குழந்தைக்குப் பத்தில் ஒருதரம் மட்டும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும்தான்.

மாவு மில்லின் மாடியில்

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ஸ்கின்னர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தார். புறாக்களைக் கொண்டு குண்டுகளை இலக்குக்கு வழிநடத்த முடியுமா என்று ஒரு ரகசிய ஆராய்ச்சி. மினியாபொலிஸில் ஒரு மாவு மில்லின் மேல்மாடியில் நடந்தது. புறா தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது. அதிகாரிகளுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. 1944-ல் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் 1943-ல் அந்த மாடியில், வேலை இல்லாத ஒரு பொழுதில் வேறொன்று நடந்தது. ஒரு புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுத்தரலாம் என்று ஸ்கின்னரும் கூட இருந்தவர்களும் விளையாட்டாக ஆரம்பித்தார்கள். மரப்பந்தை அலகால் பக்கவாட்டில் தட்ட வேண்டும். தட்டினால் தானியம். காத்திருந்தார்கள். புறா தட்டவே இல்லை. அலுத்துப்போய், தட்டுகிற மாதிரி லேசாக எதைச் செய்தாலும் கொடுப்போம் என்று மாற்றினார்கள். முதலில் பந்தைப் பார்த்தாலே தானியம். அடுத்து, பக்கத்தில் போனால். அடுத்து, அலகு பட்டால். சில நிமிடங்களில் அந்தப் புறா பந்தைச் சுவரில் போய் மோதும்படி அடித்துக்கொண்டிருந்தது.

ஆங்கிலத்தில் இதை ஷேப்பிங் என்கிறார்கள். குயவர் களிமண்ணைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக வனைவது போல. மொத்தப் பானையும் வந்த பிறகு பாராட்டலாம் என்று உட்கார்ந்தால் பானை வரவே வராது. வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஸ்கின்னரிடம் இல்லை என்பது என் எண்ணம். ஐந்து நிமிடம்கூட இடத்தில் உட்காராத பையனிடம், இந்த வாரம் முழுக்க அமைதியாக இருந்தால் பரிசு என்று சொல்வதில் பிரயோஜனமே இல்லை. அவனால் முடிகிற இரண்டு நிமிடத்தை முதலில் கண்ணில் பார்க்க வேண்டும்.

அடித்தால் ஏன் அடங்குகிறார்கள்?

அடியாத மாடு படியாது என்பது நம் ஊர் நம்பிக்கை. அமெரிக்காவிலும் அப்போது அதேதான். ஸ்கின்னர் 1938-ல் வெளியிட்ட தன் முதல் புத்தகத்திலேயே இதைத் தொட்டிருந்தார். நெம்புகோலை அழுத்தப் பழகிய எலிக்குத் தீனியை நிறுத்திவிட்டு, தொடக்கத்தில் கொஞ்ச நேரம் மட்டும், அழுத்தும்போதெல்லாம் பாதத்தில் ஒரு தட்டு கொடுத்தார்கள். உடனே குறைந்தது. ஆனால் தட்டுவது நின்றதும் எலி மறுபடி ஆரம்பித்தது. கடைசியில் மொத்தமாக எண்ணிப் பார்த்தால், அடி வாங்காத எலி எவ்வளவு அழுத்தியதோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு இதுவும் அழுத்தியிருந்தது. அவரது மாணவர் வில்லியம் எஸ்டெஸ் 1944-ல் இதை விரிவாகச் செய்து பார்த்தார். அடி நடத்தையை அமுக்குகிறது, அழிப்பதில்லை.

(பிற்கால ஆய்வாளர்கள் கடுமையான தண்டனை நடத்தையை நிரந்தரமாகவே நிறுத்தவும் கூடும் என்று காட்டினார்கள். ஆகவே தண்டனை வேலையே செய்யாது என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கின்னரின் எதிர்ப்பு அது மட்டும் இல்லை. அடி வாங்கும் பிள்ளை பாடத்தை மட்டுமா வெறுக்கிறது? ஆசிரியரையும் பள்ளியையும் சேர்த்து வெறுக்கிறது. பள்ளிக்கு மட்டம் போடுகிறது, பொய் சொல்கிறது, ஜன்னலை உடைக்கிறது.)

அப்படியானால் ஆசிரியர்கள் ஏன் விடுவதில்லை? இங்கேதான் ஸ்கின்னரின் விளக்கம் சுருக்கென்று தைக்கிறது. வகுப்பு இரைச்சலாக இருக்கிறது. ஆசிரியர் கத்துகிறார், அல்லது பிரம்பை எடுக்கிறார். அந்த நொடியே அமைதி. தொல்லை விலகியதுதான் ஆசிரியருக்குக் கிடைத்த பரிசு. அடுத்த தடவை கை இன்னும் சீக்கிரம் பிரம்புக்குப் போகும். பிள்ளைகளைப் பழக்குவதாக ஆசிரியர் நினைத்துக்கொண்டிருக்க, வகுப்பு அவரைப் பழக்கிவிட்டது.

தொல்லை விலகுவதால் ஒரு நடத்தை பலப்படுவதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். இதைத் தண்டனை என்று தப்பாகப் படித்துக்கொண்டு தேர்வு எழுதுபவர்கள் ஏராளம். தண்டனை ஒரு நடத்தையைக் குறைக்கப் பார்ப்பது. எதிர்மறை வலுவூட்டல், மழையில் குடை விரிப்பதைப் போல, ஒரு நடத்தையைக் கூட்டுவது. நனைவது நின்றது, அதனால் அடுத்த மழைக்கும் குடை விரிகிறது.

ஆசிரியரின் கவனமே பரிசாகிவிடுவதும் உண்டு. சார்லஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர் உள்ளிட்டோர் அமெரிக்காவில் ஒரு முதல் வகுப்பைக் கவனித்து 1968-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். எழுந்து நிற்கும் பிள்ளைகளை உட்கார் உட்கார் என்று ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லச் சொல்ல, எழுந்து நிற்பது கூடியது. சொன்ன உடனே உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் சொன்னது பலித்தது போலவே இருக்கும். நாள் முழுக்க எண்ணிப் பார்த்தால்தான் கூடியிருப்பது தெரியும். உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்ட ஆரம்பித்ததும் எழுந்து நிற்பது குறைந்தது.

கணக்கு வகுப்பிலிருந்து வந்த கருவி

மகளின் வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து ஸ்கின்னர் செய்த கருவிக்குப் பெயர் கற்பிக்கும் இயந்திரம். இப்படி ஒன்றை யோசித்த முதல் ஆள் அவர் இல்லை. ஒஹையோவில் சிட்னி பிரெஸ்ஸி 1920-களிலேயே ஒன்று செய்திருந்தார். அது நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு இயந்திரம். ஸ்கின்னருக்கு அது பிடிக்கவில்லை. தப்பான விடைகளைப் பிள்ளையின் கண்முன் வைப்பதே தப்பு என்பார். தன் கருவியில் விடையைப் பிள்ளையே எழுத வேண்டும் என்று வைத்தார்.

ஒரு பெட்டி. ஜன்னலில் ஒரு வாக்கியம், அதில் ஒரு இடைவெளி. பிள்ளை காகிதத்தில் விடையை எழுதி நெம்புகோலை நகர்த்தும். எழுதியது கண்ணாடிக்கு அடியில் போய்விடும், இனி திருத்த முடியாது. சரியான விடை அப்போதே தெரியும். அடுத்த வாக்கியம். பக்கத்துப் பையன் எந்த இடத்தில் இருக்கிறான் என்பது பிரச்சினையே இல்லை. அவரவர் வேகம் அவரவருக்கு.

சூட்சுமம் பெட்டியில் இல்லை, வாக்கியங்களை அடுக்கியதில் இருந்தது. உற்பத்தி செய்வது என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கற்றுத்தர அவர் கொடுத்த உதாரணம் பிரபலம். ஆறே படிகள். முதலில் சொல்லைப் பார்த்து எழுது. அடுத்த இரண்டு படிகளில் அந்தச் சொல்லின் துண்டுகள் வேறு எந்தப் பழகிய சொற்களில் வருகின்றன என்று காட்டி, அந்தத் துண்டை மட்டும் நிரப்பச் சொல்வார். பிறகு ஒரே எழுத்து வரும் இரண்டு இடங்களை மட்டும் காலியாக விடுவார். ஆறாவது படியில் சொல் முழுவதும் காலி. அதற்குள் பிள்ளைக்கு அது வந்திருக்கும். தப்பு அதிகம் வந்தால் அது பிள்ளையின் குறை இல்லை, அடுக்கியவரின் குறை, மாற்றி எழுது என்பதுதான் விதி. மிட்டாய், நட்சத்திரம் எதுவும் அந்தப் பெட்டியிலிருந்து விழாது. சரியாக எழுதினோம், முன்னேறினோம் என்பதே போதுமான பரிசு என்றார் ஸ்கின்னர்.

வகுப்பறைக்கு வலுவூட்டல் என்று இன்று பலர் எடுத்துக்கொண்டது நட்சத்திர ஸ்டிக்கரை. அவர் மெனக்கெட்ட சின்னச் சின்னப் படிகளை விட்டுவிட்டார்கள். அது கஷ்டமான வேலை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஹார்வர்டில் தன் மாணவர்களுக்கே இந்த இயந்திரத்தில் பாடம் வைத்தார். ஜேம்ஸ் ஹாலண்டுடன் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பாடம் 1961-ல் புத்தகமாகவும் வந்தது. ஆனால் வியாபாரத்தில் தோல்வி. ஐபிஎம் நிறுவனத்தோடு தொடங்கிய முயற்சி இழுத்தடித்து நின்றுபோனது. பிறகு ரீம் என்ற நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தமும் பலன் தரவில்லை. ஆசிரியர்களுக்கு வேலை போய்விடும், பிள்ளைகள் இயந்திரமாகிவிடுவார்கள் என்ற பயம் வேறு. 1960-களின் முடிவுக்குள் ஆர்வம் வடிந்துவிட்டது.

எதிர்ப்பும் வதந்தியும்

ஸ்கின்னரைத் திட்டியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மொழியையும் வலுவூட்டலால் விளக்கலாம் என்று 1957-ல் அவர் எழுதிய புத்தகத்தை, 1959-ல் இளம் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி கிழித்துத் தொங்கவிட்டார். இதுவரை கேட்டிராத வாக்கியத்தை மூன்று வயதுக் குழந்தை சொல்கிறதே, அதற்கு யார் பரிசு கொடுத்தார்கள் என்ற மாதிரியான கேள்வி அது. சுதந்திரம் என்பதே ஒரு மாயை என்ற தொனியில் 1971-ல் அவர் எழுதிய 'பியாண்ட் ஃப்ரீடம் அண்ட் டிக்னிட்டி' விற்பனையில் எகிறியது. 'டைம்' இதழின் அட்டையில் ஸ்கின்னர். கூடவே சர்வாதிகாரிகளுக்குக் கைப்பிடி தருகிறார் என்ற குற்றச்சாட்டும்.

மகளைப் பெட்டியில் போட்டு வளர்த்தார் என்பது இன்றுவரை சுற்றும் கதை. உண்மையில் அது கண்ணாடி ஜன்னலும் சீரான வெப்பமும் கொண்ட தொட்டில். குளிர் நாட்டில் குழந்தையை இறுக்கிச் சுற்றாமல் படுக்கவைக்கச் செய்தது. 1945-ல் ஒரு பெண்கள் இதழில் பெட்டிக் குழந்தை என்ற பொருளில் தலைப்புப் போட்டுக் கட்டுரை வந்ததும், எலிப் பெட்டியோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்த மகள் மனநிலை பாதித்துத் தற்கொலை செய்துகொண்டார் என்றுகூடப் பரவியது. ஓவியராக நல்லபடி வாழ்ந்த அவரே 2004-ல் பத்திரிகையில் மறுப்பு எழுத வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடத்துக்கு முக்கியமான எதிர்வாதம் 1973-ல் வந்தது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் உள்ள நர்சரிப் பள்ளியில், படம் வரைய ரொம்பப் பிடித்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது மற்றவர்களைவிடப் பாதியாக இருந்தது. விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்குப் போய்க் கூலி பேசக் கூடாது என்பது இதிலிருந்து ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆர்வமே இல்லாத பாடத்தில் முதல் அடி எடுத்துவைக்கப் பரிசு உதவுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது. நடைமுறைப் பரிசுகள் தற்காலிகத் தாங்குகோல், செயலின் பலனே பரிசாகும் வரைதான் அவை வேண்டும் என்று ஸ்கின்னரும் எழுதியிருக்கிறார்.

தனக்கும் ஒரு வரைபடம்

தனக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டின் அடித்தளத்தில் எழுதும் அறை. அதிகாலையில் மணி அடிக்கும், எழுந்து மேசைக்குப் போவார். மேசை விளக்கைப் போட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கும், அணைத்தால் நிற்கும். எழுதிய நேரத்தைக் கூட்டிக் கூட்டி வரைபடத்தில் குறித்துவைப்பார், எலிக்கு வரைந்த அதே மாதிரிக் கோடு. உந்துதல் வரட்டும் என்று ஸ்க்ரான்டனில் காத்திருந்து ஏமாந்த இளைஞர், அதற்கப்புறம் உந்துதலுக்காகக் காத்திருக்கவே இல்லை.

1989-ல் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1990 ஆகஸ்ட் 10 அன்று பாஸ்டனில் அமெரிக்க உளவியல் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனைப் பாராட்டு வழங்கியது. 86 வயது. கையில் குறிப்பு இல்லாமல் எழுந்து நின்று, மனம் என்ற ஒன்றைப் பற்றிக்கொண்டிருப்பவர்களை ஒரு கை பார்த்துவிட்டு இறங்கினார். அந்தப் பேச்சைக் கட்டுரையாக எழுதும் வேலை மீதியிருந்தது. ஆகஸ்ட் 17 அன்று அதை முடித்தார். மறுநாள் இறந்தார்.